ஜன்னல் சீட்டும் கீழாநெல்லியும்

ஜூலை 8, செவ்வாய்
பேய்க்காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் தங்கச் சுரங்கத்து சைனைட் மேட்டு மண். மறுபடி அலசல்.

வேலைக்குப் போகாமல் மூன்று வாரம். அம்மாவிடமும் ரயில் தோழிகளிடமும் மஞ்சள் காமாலை என்று புளுகியிருக்கிறேன். பலன், தினம் ஒரு கட்டு கீழாநெல்லி. இல்லாத நோய்க்கு இத்தனை கசப்பு.

இன்று கொண்டுவந்தது கலா அக்கா. பக்கத்து பாலகாட் லைன்காரி, பெங்களூர் ரயிலில் எனக்கு எதிர் சீட். கண்ணை விரித்துப் பார்த்தாள். மஞ்சளே இல்லையாம். அழுதுவிட்டேன். கம்பெனி ஸ்டோர் ரூமில் சூப்பர்வைசர் என்னைப் பலாத்காரம் செய்ததைச் சொல்லிவிட்டேன். ஏன் தனியாகப் போனாய் என்று அக்கா கேட்கவில்லை.

"நான் நம்புறேன். உனுக்கு இன்னா வேணும் சொல்லு, கூட வரேன்."

ராத்திரி நாலு தோசை. எத்தனை நாள் கழித்துப் பசி!

ஜூலை 10, வியாழன்
தூறல். அக்கா லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் தொட்டார். பிறகு கவுன்சிலர் மேடம். உறுத்தியதைக் கேட்டேவிட்டேன். ஒரு சீட்டுக்காக ரயில் பெட்டியையே அதிரவைக்கிற நான், அன்று ஏன் வாயே திறக்கவில்லை?

"பயத்துல உடம்பு மரத்துப்போயிடும்மா. கத்தலேன்னா ஒத்துக்கிட்டேன்னு அர்த்தமில்ல. தப்பு அவன் மேல."

தப்பு அவன் மேல. இன்னொரு தரம் எழுதிக்கொள்கிறேன், ஆசையாக இருக்கிறது.

புகார் கொடுப்பது என் முடிவாம். கொடுத்தால் கூடவே இருப்பார்களாம். வாசலில் சுடச்சுட மசால் வடை.

ஜூலை 13, ஞாயிறு
நேற்று புகார் கொடுத்தாயிற்று. இன்று அம்மாவிடம் சொன்னேன். கட்டிப்பிடித்து அழுதாள். திடீரென்று எழுந்துபோய் கீழாநெல்லியைக் குப்பையில் வீசினாள். சிரித்துவிட்டேன். அவளும்.

நாளை புது வேலை. அக்கா ஆபீஸ். டிபன் பாக்ஸ் மூடி எங்கே?

ஜூலை 14, திங்கள்
நல்ல வெயில். பிளாட்ஃபார்மில் கால் பின்வாங்கியது. அக்கா பின்னாலேயே இருந்தாள். ஏறினேன்.

என் ஜன்னல் சீட்டில் யாரோ போட்டு வைத்த துப்பட்டா. நாலு வாரமாக இதே கதையாம். தோழிகள் தினமும் இடம் பிடித்து, கேட்டவர்களோடு சண்டை போட்டு, பெங்களூர் வரை காலி சீட்டாகவே கொண்டுபோயிருக்கிறார்கள். நடுவில் நான் ஏறினாலும் ஏறுவேனாம். பைத்தியங்கள். என் பைத்தியங்கள்.

நான் பையை மேலே வைப்பதற்குள் ஒருத்தி துப்பட்டாவைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா, அது என் எடம். எழுந்திரு."

பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கலா அக்கா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "காமாலை போயிடுச்சு" என்றாள்.