குளிர் ஒத்துக்கலன்னு சொன்னீங்களே, அண்ணி

அண்ணி,

இன்று காலை ஆலங்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியில் ஓரிடத்தில் தைல மரங்களை வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் மழை. ஈரத்தில் நசுங்கிக் கிடந்த இலைகளின் வாசம் பஸ்ஸுக்குள் வந்து நிறைந்தது. பக்கத்து சீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் அப்படியே கண்ணை மூடிக்கொண்டேன். தாலுகா ஆபீஸ் ஸ்டாப் வந்ததுகூடத் தெரியவில்லை. கண்டக்டர்தான், "மேடம், எறங்கலையா?" என்று தோளுக்குப் பக்கத்தில் கம்பியைத் தட்டினார்.

ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்த மறுநாள் நீங்கள் எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இந்த வாசத்தைப் பற்றித்தான்.

"செல்வி, ஏர்போர்ட்ட விட்டு வெளிய வந்ததும் நம்ம ஊரு தைலமரக்காட்டு வாசம் அடிக்கிது. இங்கிலாந்துல பன்னெண்டு வருஷம் இருந்தேன், ஒரு நாளும் இப்படி வந்ததில்ல. இங்க ரோட்டோரம் பூரா இதான் நிக்கிது. ஒங்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

நான் பதில் போடவில்லை. உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

அந்த வருஷம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து படுத்த படுக்கையாக இருந்தார். நீங்களும் அண்ணனும் இங்கிலாந்து வாழ்க்கையை முடித்துக்கொண்டு திருக்கோகர்ணத்துக்கே வந்துவிடுவதாகப் பேச்சு. அம்மா அதைச் சொல்லிச் சொல்லித்தான் மாத்திரையை விழுங்குவார். ஒருநாள் சாயங்காலம் நீங்கள் கூப்பிட்டீர்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் தலைமாட்டில் வைத்தேன்.

"அத்த, நாங்க ஆஸ்திரேலியா போறோம். அவருக்கு அங்க வேல கெடச்சிருக்கு."

அம்மா போன் பக்கம் தலையைத் திருப்பினார். "ஊருக்கு வர்றதாத்தான சொன்னீங்க? இது யாரு எடுத்த முடிவு?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். பிறகு உங்கள் குரல்.

"நான்தான் அத்த. இங்க குளிரு எனக்கு ஒத்துக்கல."

"குளிரு ஒத்துக்கலன்னா புதுக்கோட்டையில வெயிலுக்கு என்னத்தா கொறச்சல்?" என்றார் அம்மா.

அதற்கப்புறம் இரண்டு வருஷம். ஆபீஸ் போகும்முன் அம்மாவைக் குளிப்பாட்டி, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன். தூக்கித் தூக்கி என் இடுப்பும் போனது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் உங்களைத் திட்டினேன். மனசுக்குள் மட்டுமில்லை, வாய்விட்டே திட்டியிருக்கிறேன். அம்மா ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தார். நீங்கள் இருவரும் வந்து இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கருமாதி அன்று நீங்கள் பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். நான் குறுக்கே போய் நின்று, நாலு பேர் கேட்கத்தான் சொன்னேன்.

"நெனச்சது நடந்துருச்சுல்ல அண்ணி? இனிமே ஊருக்கு வாங்கன்னு ஒங்கள யாரும் கூப்புட மாட்டாங்க."

ரச வாளியைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனீர்கள். அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவை நினைத்துக் கலங்குகிறார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகும் நீங்கள் மெசேஜ் அனுப்புவதை நிறுத்தவில்லை. மாதத்துக்கு ஒன்றிரண்டு வரும். கேட்பேன், பதில் போடமாட்டேன். உங்கள் அடிலெய்டு வாழ்க்கை முழுவதும் எனக்குத் தெரிந்தது அப்படித்தான். இங்கிலாந்தில் மூன்று நாள் ஆனாலும் காயாத துணி இங்கே ஒரு மணி நேரத்தில் அப்பளமாகிவிடுகிறது என்பீர்கள். அங்கே நாலு எட்டு வைத்தால் கடை, தெருமுனையில் பஸ். இங்கே பால் வாங்கக்கூடக் கார் வேண்டும், அதனால் இந்த வயசில் வண்டி ஓட்டப் படிக்கிறேன் என்பீர்கள். இரண்டு தடவை டெஸ்டில் பெயிலானதையும் மறைக்கவில்லை. மூன்றாம் தடவை பாஸானதும் வந்த மெசேஜில் மூச்சு வாங்கியது. "செல்வி, இன்னைக்கி நானாத் தனியா கார் ஓட்டிட்டு வேலைக்கிப் போனேன். ஒரு ரவுண்டானாவுல மட்டும் எங்கிட்டு வெளிய வர்றதுன்னு தெரியாம மூணு சுத்து சுத்திட்டேன்." அன்றைக்குச் சிரித்துவிட்டேன். சிரித்ததை உங்களிடம் சொல்லவில்லை.

நீங்கள் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி இருந்தார். அறுபது வருஷத்துக்கு முன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவர். திரும்பிப் போனதே இல்லை. நீங்கள் இருந்த ஊர்தான் அவருக்குச் சொந்த ஊர் என்று தெரிந்ததும் உங்களை விடவில்லை. அந்தத் தெருவில் ரொட்டிக்கடை இருக்கிறதா, ஆற்றுப் பாலத்துக்கு என்ன நிறம் அடித்திருக்கிறார்கள் என்று தினமும் கேட்பாராம். "பாரேன் செல்வி, நான் புதுக்கோட்டைக்காரின்னா இங்க ஒருத்தருக்கும் தெரியாது. இந்தக் கெழவிக்கி மட்டும் நான் ஊர்க்காரி" என்றீர்கள். சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். சிரிப்பு முடிந்த பிறகும் மெசேஜ் சில நொடி ஓடியது. அந்தச் சில நொடிகளில் நான் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

ஒன்பது வருஷம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் மெசேஜ் இல்லை, நேரே போன் வந்தது. மார்பில் கட்டி, ஆபரேஷன் முடிந்தது, இனி ஊசி போட வேண்டும் என்று அடுத்தவர் கதையைச் சொல்கிற மாதிரி சொன்னீர்கள்.

"மகனுக்குப் படிப்பு, அவன் வேற ஊர்ல இருக்கான். ஒங்க அண்ணனுக்கு வேலையும் பாத்து என்னையும் பாக்க முடியல. ஒரு மூணு மாசம் வாரியா செல்வி?"

அதுவரை நீங்கள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர், "யோசிக்காத, போ" என்றார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் மாதம், அங்கே குளிர்காலம். ஆஸ்திரேலியா என்றால் வெயில் என்று நினைத்து நூல் புடவையாக எடுத்து வந்திருந்தேன். உங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் பல் கிட்டித்துவிட்டது. தரை ஐஸ். ஹாலில் மட்டும் ஒரு சின்ன ஹீட்டர். நீங்கள் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டு கட்டி, வெந்நீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். பீரோவைத் திறந்து இங்கிலாந்தில் வாங்கிய கனத்த கோட்டை எடுத்து எனக்கு மாட்டிவிட்டீர்கள். அதை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு சமைத்தேன்.

"என்ன அண்ணி, இங்கயும் இப்படிக் குளிருது?"

"அதயேன் கேக்குற. இங்க வீட்டக் குளிருக்குன்னு கட்ட மாட்டாங்க. இங்கிலாந்துல வெளிய பனி கொட்டும், உள்ள கதகதன்னு இருக்கும். அங்க வீட்டுக்குள்ள நான் ஸ்வெட்டரே போட்டதில்ல."

சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்த்தீர்கள். என்ன சொல்லிவிட்டோம் என்பது உங்களுக்கும் புரிந்துவிட்டது. சட்டென்று, "பருப்பு பொங்குது பாரு" என்றீர்கள். பருப்பு பொங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து உங்களை ஊசிக்கு ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நானும் அண்ணனும் காரில் காத்திருந்தோம். கேட்டேன்.

"அண்ணே, இங்கிலாந்து வீடு கதகதன்னு இருக்குமாமே? அப்பறம் எந்தக் குளிரு அண்ணிக்கி ஒத்துக்கல?"

அண்ணன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கார் நின்றுகொண்டுதான் இருந்தது.

"அவ ஊருக்குப் போவோம்னுதான் சொன்னா. புதுக்கோட்டையில பையனுக்குப் பள்ளிக்கூடம்கூட விசாரிச்சா. நான்தான் வரமாட்டேன்னேன்."

"ஏன்?"

"பயமா இருந்துச்சு செல்வி. அம்மாவ அந்தக் கோலத்துல தெனம் பாக்கணும். அங்க வந்து எனக்கு என்ன வேல கெடைக்கும்? அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னும் தெரியல. போன அவ கையில குடுத்துட்டேன். யாரு முடிவுன்னு அம்மா கேட்டப்ப அவ என்னத்தான் பாத்தா. நான் வாயத் தொறக்கல."

கோட்டுக்குள் எனக்கு வியர்த்தது. அந்த நாலைந்து நொடி மௌனம் எனக்கு ஞாபகம் இருந்தது. லைன் போய்விட்டது என்றல்லவா நான் எட்டிப் பார்த்தேன்.

மறுநாள் மதியம் கொஞ்சம் வெயில் வந்தது. பின்கட்டில் நாற்காலி போட்டு உங்களை உட்காரவைத்து, வறண்டு போயிருந்த காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டேன்.

"ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?"

அண்ணன் சொல்லிவிட்டார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எதை என்று கேட்கவில்லை.

"சொல்லியிருந்தா சாகுற காலத்துல ஒங்க அம்மா பெத்த மகன வெறுத்திருப்பாக. என்னைய வெறுத்தா அவுகளுக்கு ஒன்னும் இல்ல. நான் வந்தவதான?"

"அன்னைக்கி பந்தியில நான் பேசுனது..."

"அத மறந்துட்டேன்னு சொன்னா பொய்யி செல்வி. ரசம்னாலே அதான் ஞாபகம் வருது. ஒங்க அண்ணன்கிட்டயும் ஒரு வருஷம் நான் சரியாப் பேசல." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழுவாத. எண்ணெயெல்லாம் புடவையில ஆகுது பாரு" என்றீர்கள்.

பிறகு நீங்கள்தான் அந்தப் பேச்சை எடுத்தீர்கள். "ஊர்ல யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத. நான் இருப்பனோ மாட்டனோ. அவருக்கு இனி போக்கெடம் ஒங்க வீடுதான். அத அவருக்கு இல்லாமப் பண்ணிராத." சரி என்று உங்கள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

மூன்று மாதம் முடிந்து நான் கிளம்பியபோது உங்களுக்கு முடி குருத்து விட்டிருந்தது. தேறிவிடுவீர்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஜனவரியில் தகவல் வந்தது. அங்கே கடுமையான வெயில் காலம் என்றார் அண்ணன்.

அங்கேயே எல்லாம் முடித்து, அண்ணனும் உங்கள் மகனும் அஸ்தியைக் கொண்டுவந்தார்கள். மணமேல்குடிக்குப் போய்க் கடலில் கரைத்தோம். அலையே இல்லாத அந்தக் கடலில் முழங்கால் அளவுக்கு நடந்து போய் உங்கள் மகன் கலயத்தைக் கவிழ்த்தான். கொஞ்ச நேரம் அவன் காலைச் சுற்றியே சாம்பல் நின்றது.

வீட்டுக்குத் திரும்பிச் சாப்பிட உட்கார்ந்தோம். சின்னம்மா, அவர் மகள், பெரியப்பா வீட்டார் என்று பத்துப் பதினைந்து பேர். சின்னம்மாதான் ஆரம்பித்தார்.

"நல்லவதான், இல்லன்னு சொல்லல. ஆனா பெத்தவ கண்ண மூடுற வரைக்கும் மகன இங்கிட்டு வரவிடாம இழுத்துக்கிட்டுப் போயிட்டாளே. அந்தப் பாவம்தான்..."

உங்கள் மகன் இலையில் கையை வைத்தபடி நிமிர்ந்தான். நான் அண்ணனைப் பார்த்தேன். "இல்ல சின்னம்மா..." என்று அவர் தொடங்கினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடித்தார், கீழே வைத்தார். அதற்கு மேல் வரவில்லை.

நான் சொல்லிவிட்டேன், அண்ணி.

"இழுத்துட்டுப் போகல சின்னம்மா. அவுக வரத்தான் சொன்னாக. வரமாட்டேன்னது எங்க அண்ணன். பழிய அவுக வாங்கிக்கிட்டாக. நானும் சேந்து அவுகளப் பேசுனேன். இனிமே இந்த வீட்ல யாரும் அந்தப் பேச்ச எடுக்கக் கூடாது."

உங்கள் மகன் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். கொஞ்ச நேரத்தில் சின்னம்மா, "போனவளப் பத்தி என்னத்துக்கு, மோர் ஊத்துங்க" என்றார். அவ்வளவுதான். எத்தனையோ வருஷமாகச் சுமந்த பழி, ஒரு மோரில் முடிந்துவிட்டது.

நீங்கள் காப்பாற்றச் சொன்னதை நான் காப்பாற்றவில்லை. அண்ணன் திரும்பிப் போனபின் ஆறு வாரம் என் போனை எடுக்கவில்லை. நீங்கள் பயந்தது நடந்தேவிட்டது, அவருக்கிருந்த ஒரே வீட்டையும் நானே அடைத்துவிட்டேன் என்று தவித்தேன். ஏழாவது ஞாயிற்றுக்கிழமை எடுத்தார். பின்னால் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். தனியாகப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் சொன்னது தப்பா?"

குழாயை நிறுத்தினார்.

"தப்பில்ல. ஆனா அத நான்ல சொல்லியிருக்கணும். பையன் எங்கிட்ட இன்னும் பேசல செல்வி." அவர் அழுகிறார் என்று தெரிந்தது. போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. இப்போது எல்லா ஞாயிற்றுக்கிழமையும் பேசுகிறோம். பெரும்பாலும் என்ன சமைத்தார் என்பதைத்தான் சொல்கிறார். பொங்கலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் என்கிறார்.

இன்று ஆபீசில் டீ குடிக்கும்போது பக்கத்து சீட்டுப் பெண் தன் தம்பியைப் பற்றிச் சொல்லி வருத்தப்பட்டாள். கல்யாணமாகி ஆறு மாதத்தில் பெண்டாட்டி அவனை சிங்கப்பூருக்குக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாளாம்.

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டியா?" என்றேன்.

"என்னத்தக்கா?"

"போகணும்னு சொன்னது அவதானான்னு."

அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "இதெல்லாம் போயிக் கேப்பாங்களாக்கா?" என்றாள்.

எனக்கு அதைக் கேட்கப் பதினோரு வருஷம் ஆயிற்று, அண்ணி.