மூன்றாவது விளக்கு

காலையில் டைமர் ‘டக்’கென்று ஒரு சத்தம் போடும். அடுத்த நொடி எங்கள் கிழக்கறை முழுவதும் ஊதா நிறமாகிவிடும். அந்தச் சத்தத்துக்குத்தான் நான் இன்னும் விழிக்கிறேன். செடிகள் விழிக்கின்றனவா என்று தெரியவில்லை. நீ எனக்குக் கொடுத்தவற்றில் சொன்ன சொல் தவறாதது அந்த டைமர் ஒன்றுதான். இன்று அது அடித்ததும் எழுந்து, பல்கூடத் தேய்க்காமல், உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கிழக்கறை என்ற பெயரை நாங்கள் இன்னும் மாற்றவில்லை. எங்களுடையது ஓட்டு வீடு. வடக்கு வாசலில் அயினி மரம், மேற்கே சித்தப்பா வீட்டுச் சுவர், தெற்கே கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டு. வெயில் உள்ளே வர இருந்த வழி கிழக்கு மட்டும். நீ வளைகுடாவிலிருந்து திரும்பி, எங்களுக்குக் கிழக்கே கிடந்த மனையை விலைக்குக் கேட்டபோது மனைக்காரர் யோசித்தார். வேறொருவரும் கேட்டிருந்தார். இரணியல் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன், சொன்னால் சொன்னபடி நடப்பவன் என்று அவரிடம் உனக்காகப் பேசியது நான். அதற்கு முந்தின நாள், நான் கேட்காமலேயே நீ சொன்னாய்: “ஒன் கெழக்கு வெயில நான் தொடமாட்டேன் மக்கா, கேட்டியா. ஒத்தத் தட்டு வீடுதான். மேல கம்பிகூட நீட்டிவிட மாட்டேன்.”

கான்கிரீட் போட்ட அன்று, மேல்தட்டு எழுப்புவதற்கான தூண்கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. துருப்பிடிக்காமல் இருக்க அவற்றுக்கு நீ பெயிண்ட் அடித்தபோதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வெயிலைத் தொடாத மனிதன் கம்பியின் ஆரோக்கியத்தில் ஏன் அக்கறை காட்டுகிறான் என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, என்ன பெயிண்ட் என்று.

இரண்டு வருடத்தில் உன் வீடு மூன்று தட்டு எழும்பியது. பையன்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு தட்டு என்றாய். பையன்கள் அன்றும் வெளிநாட்டில் இருந்தார்கள், இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பகல் பத்து மணிக்கும் பேப்பர் படிக்க லைட் போட வேண்டியதாயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கிழக்கு மதிலில் படர்ந்திருந்த பிச்சிக்கொடி பட்டுப்போனது.

அது என் மனைவியுடையது. தோவாளையில் அவள் அப்பாவின் தோட்டத்திலிருந்து, கல்யாணமாகி வந்தபோது கொம்பு ஒடித்துக் கொண்டுவந்தது. தலைக்குப் பூ வாங்கிப் பழக்கமில்லாதவள் அவள். கொடி பட்டபிறகு அவள் சண்டை போடவில்லை. மிச்சமிருந்த இரண்டு கொம்புகளைச் சட்டிகளில் ஊன்றி உள்ளே கொண்டுவந்து வைத்தாள். பூக்கடைப் பக்கம் போகும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போவதென்று முடிவு செய்தேன். நீ இடம் விடாமல் கட்டியிருந்தாய். மூன்றாவது தட்டுக்கு அனுமதியும் இல்லை. பூசாத தட்டை இடிக்கச் சொல்ல அப்போதும் நேரமிருந்தது. அதை உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒரு மரியாதை எனக்கு. வந்து சொன்னேன். நீ கோபப்படவில்லை. என் தோளில் கை போட்டாய்.

“வெளிச்சம் தானலே ஒனக்கு வேணும்? வெளிச்சம் நான் தாறேன்.”

அப்படித்தான் அந்த விளக்குகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. நீ வளைகுடாவில் ஒரு பெரிய கட்டடத்தின் உள்தோட்டத்துக்கு எலக்ட்ரீசியனாக இருந்தவன். பாலைவனத்தில், குளிர்பதன அறைக்குள், கீரை வளர்த்ததைப் பார்த்தவன். கிழக்கறைச் சுவரில் செடி வைக்க இரண்டு பலகை அடித்தாய். ஒன்றில் சிவப்பும் நீலமும் கலந்த எல்இடி, மற்றதில் வெள்ளை. நம் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிவதற்கும் செடிக்கு வேண்டிய வெளிச்சத்துக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினாய். பல்பு டப்பாவில் போட்டிருக்கும் லூமன் மனிதனுக்கான கணக்காம். செடி அதிகம் பிடித்துக்கொள்வது சிவப்பையும் நீலத்தையும். பச்சையில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும், அதனால்தான் இலை நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. நீலம் செடியைக் குட்டையாக, கனமாக நிறுத்தும். சிவப்பு மட்டும் கொடுத்தால் நீண்டுகொண்டே போகும், நிற்காது. நான் வாய் பிளந்து கேட்டேன். வெயில் இருந்த காலத்தில் அதைப்பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள எனக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை.

விளக்குகளை ஒப்பிட்டுப் பார்த்த அந்த நாட்கள் நம் வாழ்க்கையிலேயே நன்றாக இருந்தவை. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் உன்னைப் போல ஆகிவிடுவேன். சாயங்காலம் நீ வருவாய், ஸ்கேல் வைத்து அளப்போம். ஊதா விளக்கின்கீழ் இலைகள் கறுப்பாகத் தெரியும். செடிக்கு நோய் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ரோட்டில் போகிறவர்கள் ஜன்னலைப் பார்த்து நிற்பார்கள். ஒருவர் கதவைத் தட்டி, “பிராந்தி பாரு எப்பத் தொறந்திய?” என்று மரியாதையாகக் கேட்டார். வெள்ளை விளக்கின்கீழ் எல்லாம் பார்க்க லட்சணமாக இருந்தது, தண்டு கொஞ்சம் நீண்டது. விளக்கை ஒரு சாண் இறக்கினோம், தண்டு நிதானத்துக்கு வந்தது. மணிபிளாண்டுக்கு எந்த விளக்கானாலும் சம்மதம். துளசி ஊதாவில் தடித்தது. பிச்சி இரண்டிலும் இலை விட்டது. பூக்கவில்லை.

“பிச்சி வெயில் செடியாக்கும்,” என்றாள் என் மனைவி. ஒரு முறைதான் சொன்னாள்.

“மைனி, பூக்குத லைட்டு வேற இருக்கு,” என்றாய் நீ. வெள்ளையோடு சிவப்பைக் கூடுதலாகச் சேர்த்த மூன்றாவது விளக்கு. அது உன் வீட்டு மேல்தட்டில் ஓர் அறையில் இருப்பதாகச் சொன்னாய். அதன் வீச்சு கண்ணுக்குக் கேடு, கண்ணாடி போடாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்றும் சொன்னாய். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சட்டி இங்கேயே இருக்கட்டும் என்று, மற்றதை நீயே தூக்கிக்கொண்டு போனாய். அறிவியல் முறைப்படி நடப்பவனாயிற்றே.

சில வாரம் கழித்துச் சட்டி திரும்பி வந்தது. முனையெல்லாம் மொட்டு. மறுநாள் வீடு முழுக்க மணம். அவள் தலையில் பூ வைத்துக்கொண்டு அடுக்களையில் நிற்பதைப் பார்த்து நான் பஞ்சாயத்து ஆபீசை மறந்தேன். உண்மையில் மறக்கவில்லை, போவதற்கு வெட்கப்பட்டேன். நண்பன் விளக்கால் சூரியனையே ஈடுகட்டிவிட்டான், நான் செங்கல் கணக்குப் பார்க்கிறேனே என்று. நீ மூன்றாவது தட்டைப் பூசி முடித்தாய். மொட்டு தீர்ந்ததும், “சார்ஜு போட்டுத் தாறேன்” என்று சட்டியை மறுபடி எடுத்துப் போவாய். நான் ஒரு மாதப் பத்திரிகையில், வீட்டுச் செடிகளுக்கு இனி சூரியன் கட்டாயமில்லை என்று கட்டுரை எழுதினேன். தலைப்பில் சூரியனுக்கு ஓய்வே கொடுத்துவிட்டேன், கடைசி வரியில் உனக்கு நன்றியும் சொன்னேன். வாசகர்கள் எந்த விளக்கு என்று கேட்டபோது உன்னைக் கேட்டுப் பதில் எழுதினேன். நீ சிரிக்காமல் சொன்னாய், நான் சிரிக்காமல் எழுதினேன்.

ஒரு முறை திரும்பி வந்த சட்டியில் இலைமேல் வெள்ளையாக ஏதோ சொட்டியிருந்தது. போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு என்று அவளுக்கு விளக்கினேன். தண்ணீரின் கடினத்தன்மை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். அவள் ஈரத்துணியால் துடைத்தாள்.

ஒரு நாள் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போய்விட்டாய். உன்னைத் தூக்கியவர்களில் நானும் இருந்தேன். பதினாறு கழிந்த மறுநாள் உன் மனைவி கூப்பிட்டாள். மாடித் தொட்டி நிறைந்து வழிகிறது, வால்வை மூடத் தெரியவில்லை என்று. அன்றுதான் உன் மொட்டைமாடிக்கு முதல்முறையாக ஏறினேன். என் வெயில் அங்கே இருந்தது. குறையாமல், கிழக்கு மூலையிலிருந்து மேற்கு மூலைவரை. தரையில் வட்ட வட்டமாகச் செம்மண் கறை. அந்த மூன்றாவது விளக்கு எந்த அறையில் இருக்கிறது, அணைத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

“எந்த லைட்டு அண்ணாச்சி? அது பிரிக்காம கட்டிலுக்கு அடியிலல்லா கெடக்கு.”

அவள் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு வட்டங்களைக் காட்டினாள்.

“செடி இங்கதான இருந்தது. வெயிலு நவுர நவுர சட்டியையும் நவுத்தி வைப்பாவ. படியேறக் கூடாதுன்னு டாக்டர் சொன்ன பொறவும், அந்தச் சட்டிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மூணு தட்டும் ஏறுவாவ. சொன்னா கேக்கணும்லா. ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்.”

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“பூட்டுன ரூமுக்குள்ள காக்கா வந்து எச்சம் போடுமா?” என்றாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். “நீங்க தண்ணியப் பத்திப் பேசி முடிக்கவே இல்லையே,” என்றாள். தனக்குப் பூ வேண்டியிருந்தது என்றும் சொன்னாள், பிறகு, தலையைத் தூக்காமல்.

சுவரை நான் மன்னித்திருப்பேன். பையன்கள் வருவார்கள் என்று வீட்டை உயர்த்துகிற அப்பன் ஊரெங்கும் இருக்கிறான். ஆனால் என்னிடமிருந்து எடுத்த வெயிலிலேயே பூக்கவைத்து, அதை விளக்கின் பூ என்று என் கையில் தந்து, அதற்கு என்னையே நன்றி சொல்ல வைத்தாய். பத்திரிகையில், என் பெயரில், அச்சில். வலிக்கிற நெஞ்சோடு நீ படியேறியதை நினைத்து நான் இளக வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். நினைக்கிறேன். நினைக்கும்போதெல்லாம், அத்தனை படிகளில் ஒரு படியிலாவது நின்று, இறங்கி வந்து, உண்மையைச் சொல்லத் தோன்றவில்லையா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. சொல்லியிருந்தால் சட்டியை நான் தூக்கியிருப்பேனே.

இப்போது நான்தான் தூக்குகிறேன். உன் மனைவி திருவனந்தபுரத்தில் மகளிடம் போய்விட்டாள், சாவி எங்களிடம். மூன்று தட்டும் பூட்டிக்கிடக்கிறது, நிழல் மட்டும் தவறாமல் எங்கள்மேல் விழுகிறது. ஊதா விளக்கை நான் அணைக்கவில்லை. அது மணிபிளாண்டுக்கு. பிச்சிச் சட்டியை அணைத்துக்கொண்டு உன் படிகளில் ஏறுகிறேன், வெயில் விழுகிற இடத்தில் வைத்துவிட்டு இறங்குகிறேன்.

இறங்கும் வழியில் உன் படம். அதற்குமேல் ஒரு சின்னச் சிவப்பு எல்இடி, பகலிலும் எரிகிறது. அதற்கு டைமர் வைக்க ஆளில்லை. பூக்கிற நாட்களில் என் மனைவி ஒரு பூவை எடுத்து, படத்தில் வைத்துவிட்டு வாருங்கள் என்று தருகிறாள். வைக்கிறேன். வைப்பதற்கு முன்னால், ஒவ்வொரு முறையும், உன் முகத்தைப் பார்த்து ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

“இது வெயில்ல பூத்ததுலே.”