பத்தாவது ஆள்

செப்டம்பர் 5, வியாழன்
கல்லூரியில் முதல் வகுப்பு. அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு இலவச இருக்கை உண்டு. எனக்கு எழுபத்து நான்கு. இத்தாலியன் கற்பிப்பவள் மோரின் ஹாலரன். ஐரிஷ்காரி! டைல்ஸ் ஒட்டிக்கொண்டே கிழிந்த இலக்கணப் புத்தகத்தில் நாற்பது வருஷம் நானாகப் படித்த மொழியை இவள் எனக்குச் சொல்லித் தரப்போகிறாள்.

ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்து, ஏன் இத்தாலியன் எடுத்தீர்கள் என்று எழுதச் சொன்னாள். பிறகு பெயர் சொல்லாமல் வாசித்தாள். ஒருவனுக்கு ஸ்பானிஷ் வகுப்பில் இடம் கிடைக்கவில்லை. ஒருத்திக்கு ஓபரா இசைநாடகத்தில் பாட வேண்டும். ஒருவனுக்குக் காதலியின் அம்மாவிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும். இதெல்லாம் காரணமா? நான் வெற்று அட்டையைக் கொடுத்தேன். வீட்டுப் பெயர்ப்பலகையில் இயாஃப்ராதே என்று இத்தாலியப் பெயர் இருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?

செப்டம்பர் 19
ஹாலரனின் உச்சரிப்பில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. எரிச்சல்.

அக்டோபர் 10
பக்கத்து இருக்கைப் பெண் இவோனி தவாரெஸ். கேப் வெர்டே தீவுக்காரர்களின் மகள். முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே திருமதி பாலும்போ என்று ஒரு கிழவி; பக்கவாதம் வந்தபின் ஆங்கிலம் முழுக்கப் போய்விட்டதாம். இத்தாலியன் மட்டும்தான் மிச்சம்.

"இடுப்பப் புடிச்சுக்கிட்டு அழறாங்க சார். எக்ஸ்ரேல ஒன்னுமில்ல. எங்கயோ விழுந்திருப்பாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. கேக்கத்தான் ஆளில்ல. நீங்க ஒரு தடவ வாங்களேன்."

முடியாது என்றேன். அந்தக் கிழவி பேசுவது புத்தக இத்தாலியனாக இருக்காது, கிராமத்துப் பேச்சாகத்தான் இருக்கும். என் அம்மா பேசியது. நான் அதை விட்டு அறுபது வருஷம்.

"சரி, வராட்டிப் போங்க. நீங்க வந்தா அன்னிக்கு ஒரு நாள் தெரியும். நான்தான தினமும் அங்க இருக்கேன்? நானே கேக்கக் கத்துக்கறேன்."

திமிர் பிடித்தவள். ஆனால் அட்டையில் எழுத அவளிடம் ஒன்று இருந்திருக்கிறது.

நவம்பர் 21
ஜனவரியில் இரண்டாம் நிலை வகுப்பு. பத்துப் பேர் சேர்ந்தால்தான் நடக்குமாம். ஒன்பது பேர் இருக்கிறார்கள்.

"நான் இல்லையா?" என்றேன்.

"இலவச இருக்கைய எண்ணிக்கையில சேர்க்க மாட்டாங்க, மிஸ்டர் இயாஃப்ராதே" என்றாள் ஹாலரன்.

மூன்று மாதம் ஒரு வகுப்பு விடாமல் வந்தேன். நான் ஆளே இல்லையாம்!

இவோனி புத்தகத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். "'வலிக்குதா'ன்னு கேக்கத் தெரியும். 'எப்ப விழுந்தீங்க'ன்னு கேக்கத் தெரியாது சார். அது அடுத்த வகுப்புலதான் வருது."

நான் சொல்லித் தருகிறேன் என்றேன். ரெண்டு பாடம் நடத்துவதற்குள் நீங்கள் சண்டை போட்டுவிடுவீர்கள் என்றாள். உண்மைதான்.

நவம்பர் 24
இத்தாலியர் கிளப்பில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தராவது சேரக்கூடாதா?

"எனக்கெதுக்குடா படிப்பு? திட்டத் தெரியும், சாப்பிடத் தெரியும். அதுக்கு மேல அந்த மொழியில என்னடா இருக்கு?" என்றான் ரோக்கோ. எல்லோரும் சிரித்தார்கள். "ஐரிஷ்காரி அழகா இருப்பாளோ? அதான் நுன்சியோ ஆள் பிடிக்கிறான்!" என்று என்னைக் காட்டினான் இன்னொருவன்.

டிசம்பர் 2
கட்டணம் கட்டி நானே முறையான மாணவனாகச் சேரலாம் என்று அலுவலகம் போனேன். படிவத்தில் ஒரு கட்டம்: எந்தப் பள்ளி, முடித்த ஆண்டு. சான்றிதழ் நகல் வேண்டும் என்றாள் அங்கிருந்த பெண்.

படிவத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்தாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் என் கட்டுரையைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கைக்கு சிமெண்ட் குழைக்கிறதுதான் சரி." எழுந்து வெளியே வந்தவன்தான். திரும்பப் போகவில்லை. இது ஒருவருக்கும் தெரியாது. மகள் லொரெட்டா தன் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிய அன்று, "உங்க பள்ளிச் சான்றிதழ் எங்கப்பா?" என்று கேட்டாள். வீட்டின் கீழ்த்தளத்தில் வெள்ளம் புகுந்தபோது போய்விட்டது என்றேன்.

டிசம்பர் 4
லொரெட்டாவிடம் சொல்லிவிட்டேன். காபிக் கோப்பையைக்கூட அவள் கீழே வைக்கவில்லை.

"நம்ம வீட்டு கீழ்த்தளத்துல தண்ணியே வந்ததில்லயேப்பா. அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஏன் கேக்கல?"

"உங்ககிட்ட யாருப்பா கேப்பா?"

டிசம்பர் 17
பள்ளிப் படிப்புக்கு ஈடான தனித்தேர்வு. வாசலில் இருந்தவன், "யாரைக் கொண்டுவந்து விட வந்தீங்க?" என்றான். "என்னைத்தான்" என்றேன்.

கணக்கில் தரைக்கு ஓடு பதிக்கும் கேள்வி. வெட்டி வீணாகும் துண்டுகளுக்காகக் கூடுதல் ஓடு சேர்த்துக்கொள்ளவே இல்லை! கேள்வி போட்டவன் ஒரு தரைகூடப் போட்டிருக்க மாட்டான். அவர்கள் கேட்ட விடையையே எழுதினேன்.

கட்டுரைதான் கடைசி. அந்த ஆசிரியரின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஜனவரி 8
தேர்ச்சி. கட்டுரையில் மட்டும் மயிரிழையில் தப்பினேன். போகட்டும்.

ஜனவரி 23
ஹாலரன் பெயர்ப் பட்டியலை வாசித்தாள். பத்துப் பெயர். மறுபடி அட்டை, அதே கேள்வி. 'ஓர் ஆள் குறைந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் வாசித்ததும் வகுப்பு சிரித்தது. இவோனி சிரிக்கவில்லை.

மார்ச் 1, சனி
முதியோர் இல்லத்துக்குப் போனேன். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் இவோனி கூட்டிப்போனாள். ஓரத்தில் உட்கார்ந்தேன்.

அவள் குனிந்து, மெதுவாக, ஒரு சொல்லும் பிசகாமல் கேட்டாள். எப்போது விழுந்தீர்கள்?

கிழவி அவளையே பார்த்தாள். பிறகு கொட்டினாள், என் அம்மா பேசிய அதே பேச்சில். இவோனி என் பக்கம் திரும்பித் தலையசைத்தாள். பேசலாம் என்று அர்த்தம்.

"விழவே இல்லையாம். கட்டில சுவத்தப் பாக்கப் போட்டிருக்கீங்களாம். யாராவது வர்றாங்களான்னு நாள் முழுக்க இடுப்பத் திருப்பித் திருப்பிக் கதவப் பாக்குறாளாம்."

இவோனி ஒரு பக்கம் பிடித்தாள், நான் ஒரு பக்கம். கட்டிலைத் திருப்பிப் போட்டோம்.