மணி ரூம்புக் கதவும் மஞ்சப் பட்டனும்

அன்பு மக ஷெரினுக்கு, ஆவூர்லேருந்து அம்மா எழுதுறது. மாதா புண்ணியத்துல இங்கிட்டு நானும் அப்பாவும் சொகமா இருக்கோம், அங்கிட்டு பின்லாந்துக் குளிர்ல நீயும் காச்சல் சளி இல்லாம இருக்கணும்னு தெனம் செபமாலையில ஒனக்குன்னு தனியா வேண்டிக்கிறேன். போன்ல சொன்னா பாதியில மீட்டிங்கும்மான்னு வச்சுருவ, அதான் எழுதி போட்டோ புடிச்சு அனுப்புறேன், முழுசாப் படி. சேதி என்னன்னா, ஒங்க கம்பெனி செல்லு கேமுல நீ உண்டாக்குன மணி ரூம்புக் கதவை ஒங்கம்மா தொறந்துட்டேன், மஞ்சப் பட்டனைத் தொடவே இல்ல.

அன்னைக்கு அழுதுக்கிட்டே சொன்னியே, வெளையாடிப் பாத்தவுக எல்லாரும் அந்த ரூம்புக்கு வந்ததும் வழி சொல்ற மஞ்சப் பட்டனைத் தட்டிர்றாங்க, அதனால திங்கக்கெழம மீட்டிங்குல அந்த ரூம்பையே தூக்கிரப் போறாங்கன்னு, எனக்குப் பொறுக்கல. நீ செல்லுக்கு அனுப்புன கேமைத் தொறந்து ஒக்காந்தேன். கதவைப் பாத்தா நடுவுல சாவி ஓட்டை. சரி சாவிதான் தேடணும்னு கேமுல வர்ற பானைக்குள்ள, பாயிக்கு அடியில, கெணத்துக்குள்ளன்னு தொழாவுறேன், கெடைக்கல. காணாமப் போனதைக் கண்டுபுடிச்சுக் குடுக்குறவரு அந்தோணியாருதானே, அவருக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துக்கிட்டேன். பக்கத்து வீட்டு மீனம்மாள் சிரிக்கிறா, ஏங்கக்கா, ரேசன் கார்டு தொலைஞ்சப்பகூட நீங்க இம்புட்டு வேண்டலயேன்னு. அப்பா அதுக்கும் மேல, பட்டனைத் தட்டுனா கேவலம், அந்தோணியாரைத் தட்டுனா கேவலம் இல்லையாக்கும்னாரு. பட்டன் மாதிரி அவரு படக்குன்னு வெடையச் சொல்லிர மாட்டாரு, நம்மளைத் தேட வைப்பாருன்னு சொல்லிட்டேன்.

ஆனா தேடித் தேடி பாத்த பானையையே திரும்பப் பாக்குறேன், அடுப்புல சோறு தீஞ்சு போச்சு. அப்பத்தான் தோணுச்சு, பாத்த எடத்தையே பாக்க ஆரம்பிச்சுட்டா இனி ஒத்தையில ஆகாது, யாரையாச்சும் கூப்புடணும்னு. பட்டனைத் தட்டுனா முழுசாச் சொல்லிப்புடும், அப்பறம் தொறந்தது நானா இருக்காது. அதனால அப்பாவைக் கூப்புட்டு, நீங்க வெடை சொல்ல வேணாம், காது மட்டும் குடுங்கன்னு இருக்குறதை ஒண்ணொண்ணாச் சொன்னேன். கதவு, மேல தொங்குற மூணு மணி, ஒவ்வொரு மணியிலயும் ஒரு பறவை, செவுத்துல அதே குருவி காக்கா மயிலு வரிசையா, சாவியத்தான் காணோம்னேன். அவரு பல்லைக் குத்திக்கிட்டே, சாவி வேணும்னு ஒனக்கு யாருடி சொன்னான்னாரு. யாருமே சொல்லல, நானா நெனச்சுக்கிட்டது. குருவி மணி, காக்கா மணி, மயிலு மணின்னு வரிசையா அடிச்சேன் பாரு, கதவு ஆன்னு தொறந்து உள்ள ஒரே வெளிச்சம். நான் போட்ட சத்தத்துல மீனம்மாள் கரண்டியோட ஓடியாந்துட்டா. மெழுகுவத்தியும் ஏத்திட்டேன், அப்பா வாயில அந்தக் கேள்விய வச்சது அந்தோணியாருதானே.

அப்பறம் கண்ணாடியப் போட்டுக்கிட்டு கிட்ட வச்சுப் பாத்தேன், அது சாவி ஓட்டையே இல்ல, கதவுல அழகுக்குன்னு நீ வரைஞ்ச பூவு. அதைப் பாத்துத்தான் எல்லாரும் சாவி தேடி அலுத்துப்போயி பட்டனைத் தட்டுறாங்க கண்ணு, ஒன் ரூம்புல வேற ஒரு தப்பும் இல்ல. நீயும் அழுதுக்கிட்டு ஒத்தையில மல்லுக்கட்டாத, பக்கத்து சீட்டுப் புள்ளையக் கூப்புட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாரு, அதுல ஒண்ணும் கொறஞ்சுற மாட்ட. தலைக்கு எண்ணெ வையி, வெறும் ரொட்டியிலயே காலத்தை ஓட்டாத. மாதா ஒன் கையப் புடிச்சு நடத்துவா. திங்கக்கெழமைக்கு முன்னாடி மறக்காம அந்தப் பூவை அழிச்சுட்டு, இப்ப வெளையாடச் சொல்லுங்கன்னு ஒங்க மேனேஜருகிட்ட நிமுந்து நின்னு சொல்லு.

இப்படிக்கு,
மணி ரூம்புக் கதவைத் தொறந்த ஒன் அம்மா,
ஜெபமாலையம்மாள்