பெற்றோரைப் பார்க்கும் மசோதா

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

இத்துடன் எங்கள் சட்டசபைக்கு வந்திருக்கும் ஒரு மசோதா அனுப்புகிறேன். தனியாக வாழும் பிள்ளைகள் மாதம் ஒருமுறையாவது பெற்றோரை நேரில் பார்க்க வேண்டுமாம். தவறினால் அதிகாரி அழைத்து விசாரிப்பாராம். எங்கள் கட்சிக்குள்ளேயே சண்டை. "பழசைக் காப்பாத்தற கட்சி நாம. குடும்பத்துக்கான சட்டத்தை எதிர்த்தா மூஞ்சியை எங்க வெச்சுக்கறது?" என்கிறார் கொறடா. எனக்கோ அரசாங்கம் வீட்டுக்குள் நுழைவது பிடிக்கவில்லை. சட்டம் படித்தவள் நீ. வழக்கம்போலப் பார்த்துச் சொல்.

இந்த மாதமும் வர முடியாது போலிருக்கிறது. கோபிக்காதே.

உன் தங்கை

மார்ச் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

கோர்ட்டில் என் வழக்கைக் கூப்பிடும்வரை உட்கார்ந்து மசோதாவைப் படித்து முடித்தேன்.

முதலில் வீட்டுச் செய்தி. நேற்று அப்பாவைக் குளிப்பாட்டித் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். "சின்னவளா பாரு!" என்றார். தபால்காரர். பக்கத்து வீட்டம்மா வந்தால் உன் படம் வந்த பேப்பரை எடுத்துக் காட்டுகிறார். என்னைப் பற்றிக் கேட்டால், "இவ இங்கதான் இருப்பா" என்கிறார், அலமாரியைச் சொல்வதுபோல. வயிறு எரிகிறதடி. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அதனால், மசோதா நிறைவேறட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அதிகாரி உன்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, அப்பாவைப் பார்த்து எவ்ளோ நாளாச்சு?" என்று கேட்பதாக நினைத்துச் சிரித்துக்கூட விட்டேன்.

ஆனாலும் எதிர்த்து வாக்களி. குடும்பம் சட்டத்துக்கு முந்தியது. அது தளரும் இடத்தில் அரசு தாங்கிப் பிடிக்கலாம். அதன் வேலையைத் தான் எடுத்துக்கொள்ளக் கூடாது. வந்த பிள்ளை பாசத்தில் வந்ததா, பயத்தில் வந்ததா என்று பெற்றவர்களைச் சந்தேகப்பட வைக்கும் சட்டம் இது. அந்தச் சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால், பிறகு சட்டத்தை ரத்து செய்தாலும் போகாது. அதற்குப் பதில், கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சில நாள் ஓய்வு கிடைக்க உள்ளூர்ச் சங்கங்கள் மூலம் ஏற்பாடு செய்யலாம். திருத்தமாகக் கொண்டு வா.

இந்தக் கொள்கை உனக்குச் சௌகரியமாகவும் அமைந்துவிட்டது. அதையும் நினைவில் வை.

அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

மசோதா தோற்றது! நீ எழுதியதை அப்படியே பேசினேன். எதிர்க்கட்சிக்காரர்கள்கூட மேஜையைத் தட்டினார்கள். "யாரும்மா எழுதிக் குடுத்தா?" என்று கேட்டார் கொறடா. "வீட்ல யோசிச்சதுதான்" என்றேன்.

ஓய்வுக்கான திருத்தத்தைக் கொண்டுவர முடியவில்லை. அதையும் சேர்த்தால் ஓட்டுச் சிதறும் என்றார்கள். அடுத்த முறை பார்க்கலாம். இன்னொரு மசோதா வருகிறது, அனுப்புகிறேன்.

உன் தங்கை

மார்ச் 26

சின்னவளுக்கு,

உன் பேச்சை டிவியில் காட்டினார்கள். சத்தத்தைக் கூட்டச் சொன்னார் அப்பா. கண் கலங்கி, "என்ன அறிவு பாரு!" என்றார். நான் பக்கத்தில் மாத்திரையோடு நின்றிருந்தேன்.

அது என் எழுத்து என்று சொல்லவில்லை. சொன்னால் நம்புவார். நம்பிவிட்டு, "இருக்கட்டும், அவ எவ்ளோ அழகா பேசினா!" என்பார்.

இனி மசோதா எதுவும் அனுப்பாதே. திங்கட்கிழமை நான் சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன். ஒரு வாரம் இருப்பேன். திங்கள் காலையிலேயே நீ வந்துவிட வேண்டும். சட்டம் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நான் கட்டாயப்படுத்துகிறேன்.

மருந்து விவரமெல்லாம் வாசலிலேயே சொல்லிவிடுகிறேன். உன்னைப் பார்த்ததும் அப்பா முகம் மலர்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க எனக்குத் தெம்பில்லை. நீ உள்ளே போ. நான் பெட்டியோடு இறங்கிவிடுகிறேன்.

அக்கா