நீ குடிக்கவில்லை

சென்ற மாதம் இங்கே சிங்கப்பூரில், பாசிர் ரிஸ்ஸில் ஒரு பல் கிளினிக்கில் நாற்காலியைச் சாய்த்து என்னைப் படுக்க வைத்தபோது, எங்கிருந்தோ கிராம்பு எண்ணெய் வாசம் வந்தது. நீயே பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து பன்னிரண்டு வருடம் அப்படித்தானே உட்கார்ந்து போனோம். காலையில் ரேஸ் கோர்ஸ் சாலை முனையில் கம்பெனி பஸ் ஏறி, ஜூரோங் கப்பல் பட்டறையில் இறங்குவோம். நீ வெல்டர். நான் ஸ்டோரில் வேலை. உன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் குப்பி இருக்கும். கிராம்பு எண்ணெயில் பஞ்சை நனைத்து ஈறில் அடக்கிக்கொள்வாய். பட்டறைக் குழாயடியில் நீ வாய் கொப்பளித்தால் தண்ணீர் சிவப்பாக விழும். ஒருநாள் ஃபோர்மன் பார்த்துவிட்டு, பல் டாக்டரிடம் போகச் சொன்னார். "போனா எல்லாத்தையும் புடுங்கிருவான் லா. அப்புறம் பூசையில எப்படிப் பாடறது?" என்று சிரித்தாய். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நீ பாடுகிறாய் என்றால் வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பவர்கள்கூட உள்ளே வந்துவிடுவார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் உன் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. சூடு என்று சொல்லி இளநீர் குடித்துக்கொண்டிருந்தாய். மூன்று மாதமாகியும் ஆறவில்லை. ஒரு ஞாயிறு பாட்டின் நடுவில் தாடையைப் பிடித்துக்கொண்டு நிறுத்திவிட்டாய். அந்த வாரமே உன் மனைவி ஸ்டெல்லா உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் லீவு போட்டுவிட்டு வந்தேன்.

சோதித்துப் பார்த்துப் புற்றுநோய் என்றார் டாக்டர். பிறகு கேட்டார். சிகரெட்? இல்லை. மது? இல்லை. வெற்றிலை? இல்லை டாக்டர். எழுதிக்கொண்டவர் நிமிர்ந்து, மறுபடி முதலிலிருந்து கேட்டார். திட்டமாட்டேன், உண்மையைச் சொல்லுங்கள் என்றார். முழங்காலில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அதே மூன்று 'இல்லை'யைச் சொன்னாய்.

கோயில் முழுக்கச் செய்தி பரவியது. "பட்டறையில வேலை பாக்கறவன் குடிக்காமலா இருப்பான்? வீட்டுக்குத் தெரியாம குடிச்சிருப்பான்" என்று என் காதுபடவே சொன்னார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. பேசாதது மட்டுமில்லை. ஆபரேஷனுக்கு முந்தின வாரம், ஆஸ்பத்திரிக்கு எதிரே கோப்பிக்கடையில் வைத்து நானே உன்னைக் கேட்டேன்.

"எங்கிட்டயாவது உண்மையச் சொல்லுடா. யாருக்கும் தெரியாம ஏதாவது குடிச்சியா?"

ஆறிப்போன மைலோவைக் கலக்கிக்கொண்டே இருந்தாய். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"பன்னெண்டு வருஷமா பஸ்ஸுல உன் பக்கத்துலதான உக்காந்து வர்றேன். ஒரு நாளாவது எங்கிட்ட நாத்தம் அடிச்சுதா?"

நான் காசு கொடுக்க எழுந்துவிட்டேன். அடித்தது. சாராய நாற்றமில்லை. கிராம்பையும் மீறி உன் வாயிலிருந்து ஒரு அழுகல் வாடை, கடைசி நாலைந்து வருடமாகவே அடித்தது. காற்று வரட்டும் என்பதுபோல நான் ஜன்னலைத் திறந்துவிடுவேன். நண்பனிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன்.

நாக்கில் பாதியை எடுத்தார்கள். பேச்சு போனபின் ஸ்டெல்லா உனக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கிக் கொடுத்தாள். அதில் நீ முதலில் தண்ணீர் கேட்கவில்லை, வலிக்கிறது என்று எழுதவில்லை. 'நான் குடிச்சதே இல்ல' என்று எழுதி அவளிடம் நீட்டினாய். "சரி, இப்ப எதுக்கு அது?" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினாள். நம்புகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. நீ என்னைப் பார்த்தாய். நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனேன். அடுத்த வருடம் சுவா சூ காங் கல்லறையில் உன்னை அடக்கம் செய்தோம்.

சென்ற மாதம் பாசிர் ரிஸ்ஸில் அந்தப் பல் டாக்டர் பெண்ணிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். வாயைத் திறந்து காட்டியபடி பாதி, துப்பிவிட்டுப் பாதி. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

"அங்கிள், சிகரெட்டும் மதுவும்தான் மெயின் காரணம். ஆனா அது ரெண்டும் இல்லாதவங்களுக்கும் வருது. ஈறு நோய்ல இருக்கற கிருமிங்க வருஷக்கணக்கா தங்கி, அந்த இடத்தைப் புண்ணாவே வச்சிருந்தா, அதுக்கும் இதுல பங்கு இருக்கலாம்னு இப்ப ரிசர்ச் பண்றாங்க. இன்னும் முடிவாச் சொல்லல. உங்க ஃப்ரெண்டுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அவர் சொன்னது பொய்யின்னும் சொல்ல முடியாது."

நேராக ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போனேன். கேலாங்கில் இன்னும் அதே அடுக்குமாடி புளோக்கில்தான் இருக்கிறாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"அவர் போனதும் வீடு பூரா தேடினேண்ணே. கட்டிலுக்கு அடியில, டூல் பெட்டியில, எல்லா இடத்துலயும். ஒரு பாட்டில் கெடச்சா அவர்மேல கோவப்பட்டுட்டு ஆறிடலாம்னு. ஒண்ணுமே இல்ல." கொஞ்சம் கழித்துச் சொன்னாள்: "அந்த வாடை எனக்கும் தெரியும். மனசு கஷ்டப்படுவாரேன்னு திரும்பிப் படுத்துக்குவேன்."

நீ குடிக்கவில்லை. கோப்பிக்கடையில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். உன்னிடம் அது வந்து சேராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உனக்குச் செய்ததில் எனக்கு மிஞ்சியது இந்த வெட்கம் ஒன்றுதான். அதனால் போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, என்னோடு காணிக்கைத் தட்டு ஏந்தும் மனிதரைத் தனியாகக் கூப்பிட்டு, "கோவிச்சுக்காதீங்க, உங்க வாயில வாடை வருது. பல் டாக்டரப் பாருங்க" என்று சொன்னேன். அவர் முகம் கறுத்துப் போய்விட்டது. அதன் பிறகு என் போனை எடுப்பதில்லை. எடுக்காவிட்டால் போகட்டும். டாக்டரிடம் போனாரா என்பதுதான் தெரியவில்லை.