கோடு களியிக்காவிளையில் விழுந்தது, அண்ணா

என் பொன்னு அண்ணாவுக்கு,

சுகம்தானா என்று கேட்டுத் தொடங்க வழியில்லாமல் போயிற்று. அதனால் நேரே செய்திக்கு வருகிறேன். நீங்கள் கடைசிவரை காத்திருந்த பதில் வந்துவிட்டது. எல்லைக்கோடு நெய்யாற்றில் விழவில்லை. களியிக்காவிளையில் விழுந்தது. விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பாறசாலையில் நம் வீடும், கிணறும், நீங்கள் நட்ட ஒட்டுமாமரமும் கேரளத்தில் இருக்கின்றன.

உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியதை அச்சில் போடுகிறேன் என்று கோபப்படாதீர்கள். ஊரில் பாதிப்பேர் உங்களிடம் புத்தி கேட்டுப் பிழைத்தவர்கள். அவர்களுக்கும் இது தெரியட்டும்.

ஆதாரம் எழுதுவது உங்கள் தொழில். நிலம் விற்கிறவரும் வாங்குகிறவரும் பத்திரம் எழுத உங்கள் மேசைக்குத்தான் வருவார்கள். ஒற்றசேகரமங்கலத்துக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்காக இருந்த வயல் முழுவதையும் விற்க வந்தது நினைவிருக்கிறதா? நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள்.

“பாதி வித்தா போரும் ஓய். மிச்சம் கெடக்கட்டு. இருக்கியதெல்லாம் ஒரே எடத்துல கொண்டு கொட்டப்பிடாது. கல்யாணம் ஒரு நாளாக்கும், வயறு எல்லா நாளும் உண்டு.”

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். மறுவருஷம் ஒரு குலை செந்துளுவன் பழத்தோடு வந்து நின்றார்.

வீட்டிலும் நீங்கள் அப்படித்தான். எழுத்துக்கூலியில் ஒரு பங்கு சிட்டிச் சீட்டுக்கு, ஒரு பங்கு மதினியின் கழுத்துக்கு, ஒரு பங்கு தென்னைக்கு உரமாக. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து நான் வாங்கிய சம்பளத்தில் ஒரு சேலை கூடுதலாக எடுத்துவிட்டால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டீர்கள். அந்தக் கஞ்சத்தனத்தைப் பார்த்து எவ்வளவு எரிச்சல் பட்டிருக்கிறேன்! இப்போது அதற்காக ஏங்குகிறேன்.

பிறகு தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்ற சமரம் வந்தது. நீங்கள் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினீர்கள். தொண்டை கட்டிப்போய் வீடு திரும்புவீர்கள், கண் மட்டும் மின்னும். நெய்யாறுதான் எல்லை என்று அங்கே யாரோ படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். நெய்யாறு எல்லையானால் அமரவிளைப் பாலத்துக்கு இக்கரையில் சோதனைக்கு வண்டிகள் நிற்கும், அரிசிமூட்டை அங்கே இறங்கும், அங்கே கடை வைத்தவன் பிழைப்பான். கணக்கு என்னவோ சரியான கணக்குத்தான். கோடு போடுகிற கைதான் வேறு யாருடையதோ.

அமரவிளையில் இடம் வாங்க எதை விற்றீர்கள்? களியிக்காவிளை ரோட்டோரத்துத் தென்னந்தோப்பை. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது அண்ணா. அழுது தீர்ந்துவிட்டதால் இருக்கும்.

கடை கட்டப் பணம் போதாமல் வீட்டில் கை வைத்தீர்கள். நம் ஊரில் அடகு என்று யார் சொல்கிறார்கள்? பணயம் என்றுதான் சொல்வோம். நாகர்கோவிலில் படித்துவிட்டு வந்த திமிரில் நான் உங்களைச் சீண்டினேன். “புஸ்தகத் தமிழ்ல பணயம்னா பந்தயத்துல வைக்கியதாக்கும். நீங்க எந்தப் பணயம் வைக்கிய?”

“ரெண்டும் ஒண்ணுதானேட்டி,” என்று சொல்லிச் சிரித்தீர்கள். “பேடிக்காத. ஆறு எங்க ஓடிப் போவப்போவுது?”

ஆறு எங்கும் போகவில்லை. இன்றைக்கும் அங்கேயேதான் ஓடுகிறது.

கடைச்சுவர் ஆள் உயரம் எழும்பியபோது நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், அமரவிளையில் வண்டியை நிறுத்தச் சொல்லி அந்தச் சுவரைப் பார்த்தீர்கள். “நல்ல எடமாக்கும்,” என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எங்களோடு பேசவில்லை. எல்லை அறிவிப்பு வந்தபோது நீங்கள் இல்லாததற்கு மதினி சாமிக்கு நன்றி சொன்னாள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

இப்போது நம் தோப்பு இருந்த இடத்தில் வரிசையாகக் கடைகள். வண்டிகள் எல்லாம் அங்கேதான் நிற்கின்றன. பஸ்ஸில் போகும்போது நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அமரவிளைச் சுவருக்குள் எருக்கு முளைத்திருக்கிறது. அதை வாங்க ஆள் இல்லை. கேட்டு வந்த ஒரே ஒருவரும் கல்லுக்குத்தான் விலை சொன்னார், இடத்துக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்குக் கோர்ட்டு உத்தரவும் வந்துவிட்டது. இந்த மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். மதினி கம்மலைக்கூடக் கழற்றிப் பார்த்தாள், வட்டிக்கே காணவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். மதினி, உங்கள் இரண்டு பெண்பிள்ளைகள், நான், எல்லோரும் அதற்குள்தான்.

பேராசை என்று ஊர் சொல்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேராசைக்காரன் விலையைப் பார்த்து வாங்குவான், நீங்கள் நாட்டைப் பார்த்து வாங்கினீர்கள். மனசைப் போட்ட இடத்திலேயே காசையும் போட்டால், மனசு உடைகிற அன்றைக்கே அடுப்பும் அணையும் என்று உங்களுக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் சொன்னவர்தானே நீங்கள்? அந்த ஒரு நாள் பேனாவை மூடி வைக்க உங்கள் எதிரில் ஏன் யாரும் இல்லாமல் போனார்கள்?

இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். மூத்தவளைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டிவிஷனிலிருந்து மலையாளம் டிவிஷனுக்கு மாற்றிவிட்டோம். மதினிதான் முதலில் கேட்டாள். தகப்பன் போட வேண்டிய கையெழுத்தை நான் போட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பிள்ளை கேட்டாள். “அத்தை, மலையாளம் படிச்சாத்தான் இனி வேல கிட்டுமாம், அம்மை சொன்னா. ஒள்ளதா?”

“ஒள்ளதுதான் மக்கா.”

“அப்பா அறிஞ்சா ஏசுவாவளா?”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தோப்பும் வீடும் போன பிள்ளைக்கு, இந்த ஊரில் நாம் போட்டு வைக்கக்கூடிய கைமுதல் இனி மலையாளம் ஒன்றுதான். அவள் வயிறு நிறைய வேண்டுமென்றால் நீங்கள் கத்திய கத்தெல்லாம் அவளுக்கு உதவாது. கணக்கு டீச்சரான எனக்கு இந்தக் கணக்கு சரியாகத்தான் வருகிறது. சரியாக வருவதுதான் தாங்க முடியவில்லை.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிள்ளைகள் பேரில் தபால் ஆபீசில் போடுவேன். அது பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்கே தெரியும். தமிழையும் விடமாட்டேன். மூத்தவள் இந்தக் கடிதத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கிற அளவுக்காவது ஒற்றை அறையில் வைத்துச் சொல்லிக்கொடுப்பேன். வாசித்துவிட்டு உங்களை ஏசினால் ஏசட்டும், அண்ணா. தமிழில் ஏசட்டும்.

பாறசாலையிலேயே நின்றுபோன,
உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி